ஆக்சிஜன் உலோகமா? சுருள் விண்மீன் மண்டலங்களின் வேதிப் படிமலர்ச்சியும் ஒரு கலைச்சொல்லும்

ஐதரசன், ஹீலியம் ஆகிய இரண்டும் நீங்கலாக, ஏனைய தனிமங்கள் அனைத்தையும் வானியலார் ‘உலோகம்’ என்றே வழங்குவர். ஆங்கிலத்தில் இஃது ஒரு குழூஉக்குறி. துறையினர் எவரும் மயங்குவதில்லை. அதனையே பெயர்த்து ‘உலோகச் செறிவு’ எனத் தமிழில் எழுதுங்கால், படிப்போர் இரும்பையும் செம்பையுமே எண்ணுவர். அண்மைச் சுருள் மண்டலங்களில் பெரிதும் அளக்கப்படுவதோ ஆக்சிஜன். இலங்கை வழக்கில் ஒட்சிசன்.

இளம் விண்மீன்களால் ஒளிரும் நெபுலாக்களே இவ்வாய்வின் களம். 1971இல் லெனார்டு செர்ல் என்பார் இவற்றின் நிறமாலைகளை ஒப்பிட்டு, மண்டலத்தின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் செல்லச் செல்ல வளிமத்தின் வேதிக்கூறு மாறுவதைக் காட்டினார். சப்தரிஷி மண்டலத் திசையில், இரண்டு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள எம்101இல் ஆக்சிஜனின் விகிதம் நடுவைவிட விளிம்பில் பத்து மடங்குக்கு மேல் குறைவு. உட்பகுதியில் விண்மீன்கள் விரைந்து, பல தலைமுறையாகப் பிறந்து மடிந்தன. விளிம்பிலோ பயன்படாத வளிமம் இன்னும் மிகுதி.

அளவீட்டில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆக்சிஜனின் அளவை அறிய வளிமத்தின் வெப்பநிலை தெரிய வேண்டும், அதனை 436.3 நானோமீட்டர் அலைநீளத்தில் தோன்றும் மெல்லிய கோடு காட்டும். ஆனால் ஆக்சிஜனே நெபுலாவைக் குளிர்விப்பது. ஆகவே அது மிகுந்த இடத்தில் அக்கோடு மங்கிவிடுகின்றது. செழித்த உட்பகுதிகளின் அளவுகள் இன்றும் வழக்காடப்படுவதற்கு இதுவே பெருங்காரணம்.

இனி, அந்த ஆக்சிஜன் பிறக்கும் வகை. விண்மீனின் உள்ளே மூன்று ஹீலியக் கருக்கள் கூடிக் கார்பன் ஆகும். கார்பனுடன் மேலும் ஒன்று சேர ஆக்சிஜன் ஆகும். இவ்விரண்டாம் வினை விண்மீனின் வெப்பநிலையில் மிக மிக அரிதாகவே நிகழ்வது. ஆய்வகத்தில் உயர்ந்த ஆற்றல்களில் அளந்து, கீழ்நோக்கிக் கணித்தே மதிப்பிடுகின்றனர். அண்டக் கதிர்களின் இரைச்சல் இவ்வளவீட்டைக் கெடுக்கும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், ஃபெல்சன்கெல்லர் என்னும் பழைய மதுவடிசாலை பனிக்கட்டி சேமித்து வைத்த சுரங்கங்களில், 45 மீட்டர்ப் பாறைக்கு அடியே ஒரு துகள் முடுக்கி 2019இல் திறக்கப்பட்டது. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ரோசன்டார்ஃபிலுள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு மையமும் அதனை நடத்துகின்றன. விண்மீன்களில் தனிமங்கள் உருவாகும் அணுக்கரு வினைகளை அளப்பதே அதன் பணி. மேற்கூறிய கார்பன் வினையும் அதன் இலக்குகளுள் ஒன்று. (பீரைக் குளிர்விக்கக் குடைந்த குகை விண்மீன்களின் வெப்பத்தை ஆராயப் பயன்படுகின்றது!)

கலைச்சொல் வினா இங்கேதான் கூர்மையடைகின்றது. ஆக்சிஜனைத் தருவன பெருவிண்மீன்கள். அவை சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்துவிடும். இரும்பின் பெரும்பகுதியோ வெண்குறுமீன்களின் வெடிப்பால், நெடுங்காலம் தாழ்ந்து வருவது. எனவே இவ்விரண்டின் விகிதம் மண்டலத்தின் வரலாற்றைக் காட்டும் கடிகாரம் போன்றது. இரண்டையும் ‘உலோகம்’ என ஒரே பெயரால் சுட்டினால் அக்கடிகாரத்தின் முட்கள் மறைந்துபோம். நெபுலாவில் இரும்பு தூசியில் ஒட்டிக்கொள்வதால் அங்கு அளந்ததை ‘உலோகச் செறிவு’ என்பது இருமடங்கு மயக்கம்.

பொதுப்படச் சொல்லுமிடத்தில் ‘கனதனிமச் செறிவு’ என்றும், அளந்தது ஆக்சிஜனாயின் ‘ஆக்சிஜன் செறிவு’ என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. கனதனிமம் என்றால் அணுக்கருவியலார் யுரேனியத்தை எண்ணக்கூடும். அம்மயக்கம் துறையறிந்தோர்க்கே உரியது. ஒரு வரி விளக்கத்தால் தீர்ந்துவிடும். ஆக்சிஜனை உலோகம் என்று படித்த மாணவரின் மயக்கம் அத்துணை எளிதில் தீராது.