அப்பாவுக்கு எப்போது போன் செய்வது?

திருச்சி விமான நிலையத்திலிருந்து கிழக்கே பறந்தால் சிங்கப்பூர். மேற்கே பறந்தால் துபாய். இரண்டுக்கும் பயணம் சுமார் 4 மணி நேரம்தான். திருச்சி, புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கம் பல வீடுகளில் அப்பாவோ மாமாவோ சித்தப்பாவோ இந்த ஊர்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்களோடு பேச வேண்டுமானால் கொஞ்சம் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும், குழந்தைகளே!

ஸ்ரீரங்கத்தில் காலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் 8.30. துபாயில் விடிகாலை 4.30.

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது. அப்படியானால் 1 டிகிரிக்கு 4 நிமிடம். கிழக்கே இருப்பவர்களுக்குச் சூரியன் முதலில் தெரியும். இந்தியா முழுவதற்குமான நேரத்தை உத்தரப்பிரதேசத்து மிர்சாபூர் அருகே செல்லும் 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 1906 முதல் இதுதான் வழக்கம். திருச்சி அதற்கு மேற்கே, ஏறத்தாழ 78¾ டிகிரியில் இருக்கிறது. அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி சராசரியாக 12.15! முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழல் மிகவும் குட்டையாகும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். மாதத்துக்கு மாதம் சில நிமிடங்கள் மாறும்.

சிங்கப்பூர் கதை இன்னும் வேடிக்கை. அது இருக்கும் இடத்தைப் பார்த்தால், இங்கிலாந்தின் கிரீன்விச்சை விட 7 மணி நேரம்தான் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் கடிகாரம் 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மலேசியா தன் நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தைக் கொண்டுவந்தபோது, அக்கம்பக்கத்து ஊராயிற்றே என்று சிங்கப்பூரும் சேர்ந்துகொண்டது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்கு முள்ளை அரை மணி முன்னால் தள்ளினார்கள். உடனே புத்தாண்டு பிறந்துவிட்டது! அதனால் அங்கே சூரியன் உதிக்கவே 7 மணி ஆகும். பிள்ளைகள் பலர் இருட்டிலேயே பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் இதே கதைதான். தமிழ் அங்கே ஆட்சி மொழிகளில் ஒன்று. ஞாயிறு மாலை சிராங்கூன் சாலைக்குப் போனால் நம் காந்தி மார்க்கெட் நினைவுக்கு வரும்.

துபாய் பாலைவன ஊர். கோடையில் இரவு 7 மணிக்கும் வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் 5.30-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கோடை வெயிலோ பொல்லாதது. அதனால் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30-லிருந்து 3 மணி வரை திறந்தவெளியில், வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கட்டட வேலை செய்யும் அப்பாவுக்கு அதுதான் ஓய்வு நேரம். நமக்கு அது 2 மணியிலிருந்து 4.30 வரை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வசதி. அன்று அவருக்கு வேலை உண்டா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் அப்பாவுக்கு, வீட்டுப்பாடமெல்லாம் முடித்துவிட்டு இரவு 8 மணிக்குப் போன் செய்யாதீர்கள். அங்கே 10.30 ஆகியிருக்கும்; விடிகாலையில் எழ வேண்டியவர் தூங்கியிருப்பார். பள்ளி விட்டு வந்ததும் 5.30-க்குப் பேசினால் அவருக்கு இரவு 8 மணி. துபாய்க்கு என்றால் அவசரமே இல்லை. சாப்பிட்டுவிட்டு 8.30-க்கு அழைத்தாலும் அங்கே 7 மணிதான்.

இப்போது ஒரு கணக்கு. நள்ளிரவு தாண்டி 1 மணிக்குத் திருச்சியில் கிளம்பிய விமானம், 4 மணி நேரம் பறந்து சிங்கப்பூரில் இறங்குகிறது. அங்கே அப்போது மணி என்ன? சூரியன் உதித்திருக்குமா?