ஆளை எடுத்த இடத்துக்கு ஆள் எப்ப வரும்? கொரோனா கால ஆள் பற்றாக்குறை, பூலாம்பாடியில இருந்து ஒரு கணக்கு



இன்னிக்கு ஒரு கணக்குல இருந்து ஆரம்பிக்கலாம். ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். 24 மணி நேரமும் திறந்திருக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரசவ வலின்னு வந்து நின்னாலும் பாக்கணும். அதுக்கு மூணு ஸ்டாஃப் நர்ஸ். ஒரு நாளைக்கு மூணு ஷிஃப்ட், வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒருத்தங்க ஆறு நாள் வேலை பாத்து ஒரு நாள் வார ஓய்வு எடுத்தா, மூணு பேரும் சேர்ந்து 18 ஷிஃப்ட் பாக்கலாம். மீதி மூணு ஷிஃப்ட்டுக்கு ஆள் கிடையாது.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. யாரும் லீவு போடல. யாருக்கும் காய்ச்சல் இல்ல. ஒரு காலிப்பணியிடம்கூட இல்ல. அப்பவே கணக்கு இடிக்குது. இதுல ஒருத்தரை மாற்றுப்பணின்னு வேற ஊருக்கு அனுப்பிட்டா, 21 ஷிஃப்ட்டுக்கு 12 ஷிஃப்ட் ஆள்தான் மிச்சம். மத்ததை அந்த ரெண்டு பேரும் ராத்திரி பகலா இழுத்துப் பிடிக்கணும்.

கொரோனா காலத்துல ஆஸ்பத்திரியிலயும் பள்ளிக்கூடத்துலயும் நடந்த ஆள் பற்றாக்குறையோட மொத்தக் கதையும் இந்தக் கணக்குக்குள்ளதான் இருக்கு. அதைப் பூலாம்பாடி மாதிரி ஒரு ஊர்ல நின்னு பார்ப்போம்.

[திரையில்: பெரம்பலூர் மாவட்ட வரைபடம். பச்சைமலை, வேப்பந்தட்டை, பூலாம்பாடி.]

பூலாம்பாடி, பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை தாலுகாவுல, பச்சைமலைப் பக்கம் இருக்கிற ஒரு பேரூராட்சி. மரச்சிற்பத்துக்குப் பேர் போன அரும்பாவூர் பக்கத்துலதான். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுலயே மக்கள்தொகை குறைஞ்ச மாவட்டம் பெரம்பலூர், 5,65,223 பேர். இந்த மாவட்டத்துல அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. பெரிய வைத்தியம்னா பெரம்பலூர் மாவட்டத் தலைமை மருத்துவமனை, அதுக்கும் மேல திருச்சி.

கொரோனா எண்ணிக்கையிலயும் மாநிலத்துல கடைசி வரிசையில இருந்த மாவட்டம் இது. 2020 மே மாசம் கோயம்பேடு சந்தையில இருந்து திரும்பினவங்களால அரியலூர்லயும் பெரம்பலூர்லயும் எண்ணிக்கை திடீர்னு எகிறுச்சு. அதை விட்டா, சென்னை, கோயம்புத்தூர் அளவுக்கு இங்க நோய் தாக்கல. அப்ப இந்த ஊருக்கு ஆள் பற்றாக்குறை வந்திருக்கக் கூடாதே?

வரும். நோய் எங்க அதிகமோ அங்கதான் ஆள் குறையும்னு நாம நினைக்கிறோம். நடக்கிறது நேர்மாறு. நோய் அதிகமான இடத்துக்கு ஆளைக் கொண்டு போவாங்க. நோய் குறைவான இடத்துல இருந்துதான் கொண்டு போவாங்க. கிணத்துத் தண்ணியை ஒரு பாத்திக்கு மடை திருப்பினா அடுத்த பாத்தி காயுற மாதிரிதான். கிணத்துல தண்ணி ஏறல. மடை மட்டும்தான் மாறிச்சு.

[திரையில்: பகுதி ஒண்ணு. ஆஸ்பத்திரி.]

முதல்ல, ஆள் ஏன் திடீர்னு பத்தாமப் போச்சு?

ஒரு கொரோனா வார்டு. பி.பி.இ. கிட் போட்டுட்டு உள்ள போனா ஷிஃப்ட் முடியுற வரைக்கும் தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. அதனால ஷிஃப்ட் நேரத்தைக் குறைக்கணும். ஷிஃப்ட்டைக் குறைச்சா ஆள் கூடுதலா வேணும். ஒரு வாரம் வார்டு டூட்டி பாத்தவங்க அடுத்த வாரம் தனிமைப்படுத்திக்கணும்னு முதல் அலையில ஒரு முறை இருந்துச்சு. அப்படின்னா ஒரே வேலைக்கு ரெண்டு செட் ஆள். இதுல நர்ஸுக்கே தொற்று வந்தா அதுக்குத் தனியா ஆள். நோயாளி எண்ணிக்கை கூடாமலே ஆள் தேவை ரெட்டிப்பாகிடுச்சு.

அடுத்து தடுப்பூசி. 2021 ஜனவரியில ஆரம்பிச்சப்ப மத்திய அரசு சொன்ன முறைப்படி ஒரு முகாமுக்கு அஞ்சு பேர் வேணும். ஊசி போட ஒருத்தர். பேரைப் பாக்க, கணினியில ஏத்த, போட்டுக்கிட்டவங்களை அரை மணி நேரம் உட்கார வெச்சுக் கவனிக்க, கூட்டத்தை ஒழுங்குபடுத்த நாலு பேர். 2021 செப்டம்பர் 12-ல நடந்த முதல் மெகா முகாம்ல ஒரே நாள்ல தமிழ்நாட்டுல 28 லட்சத்துக்கும் மேல தடுப்பூசி போட்டாங்க. பெரிய சாதனைதான், சந்தேகமே இல்ல. ஆனா முகாமுக்குப் போன கிராம சுகாதார செவிலியர், அதாவது ஊர்ல நாம கூப்பிடுற நர்ஸம்மா, வழக்கமா யாரு? வீடு வீடாப் போய் கர்ப்பிணிகளைப் பாக்கிறவங்க. புதன்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி போடுறவங்க. சமவெளியில 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்னு கணக்கு. அதுக்கு இவங்க ஒருத்தங்கதான். இவங்க முகாம்ல இருந்தா அந்த 5,000 பேருக்கும் அன்னிக்கு நர்ஸம்மா இல்ல.

மடை திருப்பினதுக்கு நேரடியா ஒரு உதாரணம் சொல்றேன். ரெண்டாவது அலை உச்சத்துல, 2021 மே மாசம், வருஷக்கணக்கா ஒப்பந்தத்துல இருந்த 1,212 செவிலியர்களை அரசு நிரந்தரமாக்குச்சு. அவங்களுக்கு ரொம்ப நாள் கனவு அது. ஆனா உத்தரவு என்ன? சென்னையில போய்ப் பணியில சேரணும். மாநிலம் பூரா இருந்தவங்களை சென்னை வார்டுகளுக்கு வரச் சொன்னாங்க. சென்னைக்கு அப்ப ஆள் அவசியம், அதுல தப்பு சொல்ல ஒண்ணுமில்ல. அவங்க விட்டுட்டு வந்த இடத்துக்கு யாரு? 

இது உலகம் பூரா இருந்த பிரச்சினை. கொரோனா பரவ ஆரம்பிச்ச சமயத்துலயே, 2020 ஏப்ரல்ல, உலகத்துல 59 லட்சம் செவிலியர்கள் குறைவா இருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் அறிக்கை விட்டுச்சு. 2021 மே வரைக்கும் சுமார் 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவுல இறந்திருக்கலாம்னும் அதே நிறுவனம் மதிப்பிட்டுச்சு. குறை முன்னாடியே இருந்துச்சு; கொரோனா அதை வெளிச்சம் போட்டுக் காட்டுச்சு.

[திரையில்: பகுதி ரெண்டு. பள்ளிக்கூடம்.]

பள்ளிக்கூடக் கதை இன்னும் விசித்திரம். அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல 2022 ஜனவரியில ஆசிரியர்களுக்கெல்லாம் தொற்று வந்து வகுப்பெடுக்க ஆளில்லாம, நேஷனல் கார்டு படையினரை மாற்று ஆசிரியரா வகுப்புக்கு அனுப்பினாங்க. நம்ம ஊர்ல அந்தப் பிரச்சினையே வரல. ஏன்னா பள்ளிக்கூடமே மூடியிருந்துச்சு. 2020 மார்ச்ல மூடின தொடக்கப் பள்ளி, 2021 நவம்பர் 1-லதான் திறந்துச்சு. பத்தொன்பது மாசத்துக்கும் மேல.

வாத்தியார் வேண்டாத காலம் மாதிரி தெரியும். ஆனா அந்த நேரத்துலதான் மூணு விஷயம் ஒண்ணா நடந்துச்சு.

ஒண்ணு, தனியார் பள்ளியில இருந்து பிள்ளைங்க அரசுப் பள்ளிக்கு வந்தாங்க. அப்பா வேலை போச்சு, பீஸ் கட்ட முடியல, டி.சி. வாங்கிட்டு வந்துட்டாங்க. அதே நேரம் தனியார் பள்ளி ஆசிரியர்கள் பல பேர் சம்பளம் இல்லாம நூறு நாள் வேலைக்கும் காய்கறி விக்கவும் போனாங்க. பிள்ளை ஒரு பக்கம் வந்துச்சு, வாத்தியார் வேற பக்கம் போயிட்டார்.

ரெண்டு, பிள்ளைங்க கூடினா உடனே ஆசிரியர் பணியிடம் கூடாது. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி எண்ணிக்கை எடுத்து, அதுக்கப்புறம்தான் நிர்ணயம், கலந்தாய்வு எல்லாம். ஜூன்ல சேர்ந்த பிள்ளைக்கு வாத்தியார் எப்ப வருவார்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

மூணாவதுதான் முக்கியம். 2020 மே மாசம் அரசு ஊழியர், ஆசிரியர் ஓய்வு வயசை 58-ல இருந்து 59 ஆக்கினாங்க. 2021 பிப்ரவரியில 60 ஆக்கினாங்க. அதனால சுமார் ரெண்டு வருஷத்துக்கு வயசு காரணமா யாரும் ஓய்வு பெறல. காலிப்பணியிடம் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. உண்மையில தள்ளிப் போச்சு, அவ்வளவுதான். 2022-ல ஓய்வு மறுபடி ஆரம்பிச்சப்ப, பள்ளிக்கூடமும் முழுசாத் திறந்தப்ப, பள்ளம் கண்ணுக்குத் தெரிஞ்சுது. அந்த ஜூன்ல அரசே சொன்ன காலியிடக் கணக்கு 13,331. இடைநிலை ஆசிரியர் 4,989, பட்டதாரி ஆசிரியர் 5,154, முதுநிலை ஆசிரியர் 3,188.

ஒரு ஈராசிரியர் பள்ளியை எடுத்துக்கங்க. 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு ஆசிரியர்ங்கிறது கல்வி உரிமைச் சட்டக் கணக்கு. வகுப்பு அஞ்சு, ஆசிரியர் ரெண்டு. தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குக் கூட்டத்துக்குப் போனா, மீதி ஒருத்தர் அஞ்சு வகுப்பையும் பாக்கணும். எமிஸ் இணையதளத்துல வருகையை ஏத்தணும். மதியம் சத்துணவைக் கவனிக்கணும். இதுல எங்கேயோ ஒரு இடத்துல, ஒண்ணாம் வகுப்பையே பாக்காம மூணாம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் சொல்லித் தரணும்.

[திரையில்: பகுதி மூணு. அவசரத்துக்கு எடுத்த ஆள்.]

அரசு சும்மா இருந்துச்சான்னா, இல்ல. நிறைய பேரை எடுத்துச்சு. எப்படி எடுத்துச்சுன்னு பாருங்க.

மருத்துவத்துல, தேர்வு வாரியப் பட்டியல்ல இருந்து ஆறு மாச ஒப்பந்தத்துல செவிலியர்கள். மாசம் 14,000 ரூபாய். பள்ளியில, அந்த 13,331 இடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாத் தற்காலிக ஆசிரியர்கள். இடைநிலை 7,500, பட்டதாரி 10,000, முதுநிலை 12,000. கற்றல் இழப்புக்கு 2021 அக்டோபர்ல ஆரம்பிச்ச இல்லம் தேடிக் கல்வி. தன்னார்வலருக்கு மாசம் 1,000 ரூபாய். சாயங்காலம் திண்ணையிலயும் கோயில் மண்டபத்துலயும் பாய் விரிச்சுப் பாடம் சொன்னவங்கள்ல பெரும்பாலும் பெண்கள்.

இவங்க வேலை செஞ்சாங்களா? செஞ்சாங்க. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூணு பேரும் தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல சுமார் 19,000 பிள்ளைங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. பள்ளி திறந்த ஆறு மாசத்துக்குள்ள, இழந்த கற்றல்ல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சு. அப்படித் திரும்பினதுல கிட்டத்தட்ட கால்வாசி இல்லம் தேடிக் கல்வியால வந்தது. மாசம் ஆயிரம் ரூபாய்க்கு நடந்த வேலை இது!

அப்ப பிரச்சினை ஆள்கிட்ட இல்ல, ஆளை வெச்சுக்கிட்ட விதத்துல. 2022 டிசம்பர் 31-ஓட, கொரோனாவுக்கு எடுத்த செவிலியர்கள்ல சுமார் 2,400 பேருக்குப் பணி முடிஞ்சுதுன்னு உத்தரவு வந்துச்சு. 2023 புத்தாண்டு அவங்களுக்குப் போராட்டத்துலதான் விடிஞ்சுது. பணி நியமனத்துல இட ஒதுக்கீட்டு முறை பின்பற்றப்படலன்னு அரசு காரணம் சொல்லுச்சு. மாவட்ட அளவுல 18,000 ரூபாய்க்கு மாற்றுப் பணி தர்றோம்னும் சொல்லுச்சு. இட ஒதுக்கீடு பாக்க வேண்டியதுதான். அதைப் பாத்து நிரந்தரமா நியமிக்க ரெண்டு வருஷம் இருந்துச்சே, அதுதான் கேள்வி.

பள்ளிப் பக்கமும் இதே வேகம்தான். இடைநிலை ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு 2024-ல அறிவிப்பு வந்தப்ப இடம் 1,768. 2022-ல அரசே சொன்ன இடைநிலைக் காலியிடம் 4,989-ங்கிறதைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

கட்டடம் வேகமா வருது. 2022 ஜனவரி 12-ல அரியலூர் உள்பட 11 மருத்துவக் கல்லூரிகளை ஒரே நாள்ல திறந்தாங்க. நம்ம பக்கத்துக்கு அது நிஜமாவே பெரிய விஷயம். கட்டடத்துக்குத் திறப்பு விழா இருக்கு, கல்வெட்டு இருக்கு. ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு நர்ஸம்மா வந்து சேர்ந்தா யாரும் விழா எடுக்கிறதில்ல. அதனால வராமப் போனாலும் யாருக்கும் தெரியறதில்ல.

[திரையில்: நீங்க கேட்க வேண்டிய மூணு எண்.]

சரி, பூலாம்பாடியிலயோ உங்க ஊர்லயோ இருந்துக்கிட்டு நாம என்ன செய்யலாம்? "எங்க ஊர்ல டாக்டர் இல்ல, வாத்தியார் இல்ல"ன்னு பொதுவாச் சொன்னா, "எல்லா இடமும் நிரப்பியாச்சு"ன்னு பதில் வரும். ரெண்டுமே உண்மையா இருக்க வாய்ப்பு இருக்கு. அதனால மூணு எண்ணாக் கேளுங்க. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை? அதுல நிரப்பினது எத்தனை? நிரப்பினதுல இன்னிக்கு மாற்றுப்பணியில வெளியில இருக்கிறது எத்தனை பேர்? இந்த மூணாவது எண்ணைத்தான் யாரும் கேக்கிறதில்ல.

பள்ளிக்கூடம்னா, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல கேளுங்க. 2022-ல மறுபடி அமைச்சப்ப இந்தக் குழுவுல 20 பேர் இருந்தாங்க. அதுல 15 பேர் பெற்றோர். தீர்மானமா எழுதி வாங்குங்க. ஆஸ்பத்திரின்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள்ல பதில் தரணும்.

அடுத்த தொற்று எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. வந்தா மறுபடியும் சின்ன ஊர்ல இருந்து பெரிய ஊருக்கு ஆள் போவாங்க, போகவும் வேணும். எடுத்த இடத்துக்கு எத்தனை நாள்ல யார் வருவாங்கன்னு அந்த உத்தரவுலயே எழுதியிருக்கணும். அந்த ஒரு வரிக்காகத்தான் இப்பவே இந்த எண்களைக் கேட்கச் சொல்றேன்.

உங்க ஊர் எண்கள் கிடைச்சா கீழ எழுதுங்க. அடுத்த காணொளியில பார்ப்போம்.