குதிரையின் முதுகும் சேணத்தின் அளவும்

காலுக்குப் பொருந்தாத செருப்பை அணிந்தவன், வலி பொறுக்காவிட்டால் அதனைக் கழற்றி எறிந்துவிடலாம். முதுகுக்குப் பொருந்தாத சேணத்தைச் சுமக்கும் குதிரைக்கு அந்த உரிமை இல்லை. அது செய்யக்கூடியவை சிலவே. சேணத்தைக் கண்டதும் காதுகளைப் பின்னுக்கு மடக்கும். வயிற்றுப்பட்டையை இறுக்கும்பொழுது கடிக்க வரும். ஏறியவரை உதறித் தள்ளும். இவற்றைக் கண்டவுடன், 'இது முரட்டுக் குதிரை' என்று நாம் பெயரிட்டுவிடுகிறோம். அதன் குணத்தைப் பழிக்கும் முன் அதன் முதுகைப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி. இதனை விளக்கக் காப் என்னும் குதிரை வகையை எடுத்துக்கொள்கிறேன்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும், குட்டையாய்ப் பருத்து உறுதியான கட்டுடைய குதிரையைக் காப் என்பர். பொதுவாக இஃது ஓர் இனத்தின் பெயரன்று, உடலமைப்பின் பெயர். எனினும், வேல்ஸ் நாட்டுக் காப் தனி இனமாகவே போற்றப்படுகிறது. அந்நாட்டுக் குதிரைகளுக்கென 1901ஆம் ஆண்டில் தோன்றிய சங்கத்தின் பதிவேட்டில், 'டி' பிரிவு இதற்கு உரியது. வேல்ஸ் உழவருக்கு வயலில் உழைக்கவும், வண்டி இழுக்கவும், ஏறிச் செல்லவும் இந்த ஒரு குதிரையே பயன்பட்டு வந்தது.

காப்பின் விலா பீப்பாய்போல் உருண்டிருக்கும். முதுகு அகன்றும் குறுகிய நீளமுடையதாயும் இருக்கும். பலவற்றில் முதுகெலும்பின் இருபுறமும் தசை திரண்டு, நடுவே பள்ளம் ஓடும். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்க அறிஞர் செனபோன், இத்தகைய 'இரட்டை முதுகு' உட்காருவதற்கு மென்மையானது என்று பாராட்டியிருக்கிறார். சட்டம் வைத்த சேணம் கிரேக்கரிடம் இல்லாத காலம் அது. வெறும் முதுகில் அமர்பவருக்கு வசதியான அதே அமைப்பு, சேணம் பூட்டுபவருக்குச் சிக்கலாகிறது.

சிக்கல் யாது? குதிரையின் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு உண்டு. அதனைத் தோள்மேடு எனலாம். மேடு உயர்ந்த குதிரையில், அது முளைபோல் நின்று சேணம் பக்கவாட்டில் உருளாமல் காக்கும். காப்பிலோ அந்த மேடு பெரும்பாலும் தாழ்ந்தும் அகன்றும் இருக்கும். எனவே ஒருவர் அங்கவடியில் காலூன்றி ஏறும்பொழுது சேணம் அவர் பக்கமே சரியக்கூடும்.

சரிவைத் தடுக்கப் பலர் வயிற்றுப்பட்டையை மேலும் இறுக்குவர். அல்லது கனத்த விரிப்பொன்றை அடியில் இடுவர். இரண்டும் பெரும்பாலும் தீங்கையே தரும். குறுகிய சேணம் அகன்ற முதுகில் முழுதும் படியாது; விளிம்புகளில் மட்டும் தங்கி நிற்கும். பட்டையை இறுக்க இறுக்க அவ்விளிம்புகள் தசையில் அழுந்தும். விரிப்பு இடுவதோ, இறுகிய காலணிக்குள் தடித்த காலுறை அணிவதை ஒக்கும்.

அப்படியாயின் சேணத்தின் அமைப்பை அறிய வேண்டும். தமிழில் கலணை என்றும் பல்லணம் என்றும் வழங்கும் இதன் உயிர்நிலை, தோலுக்குள் மறைந்திருக்கும் சட்டம். மரத்தாலோ வேறு உறுதியான பொருளாலோ அதனைச் செய்வர். மெலிந்த குதிரைக்கு அதன் முன்வளைவு கூரை முகடுபோல் சரிந்திருக்கலாம். காப்புக்கோ, 'ப' என்னும் எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் மேற்புறம் அகன்றிருக்க வேண்டும். சட்டத்தின் அடியில் கம்பளி முதலியவை அடைத்த இரு மெத்தைகள், நடுவே வாய்க்கால்போல் இடைவெளி விட்டு அமைந்திருக்கும்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். குதிரையைச் சமதரையில் நேராக நிறுத்தி, விரிப்பின்றிச் சேணத்தைத் தோள்மேட்டின்மீது சற்று முன்னே வைத்து, அது தானாக நிலைகொள்ளும்வரை பின்னே நகர்த்த வேண்டும். முதலாவது, அது தோள்பட்டை எலும்பின் அசைவைத் தடுக்கலாகாது. இரண்டாவது, பாரம் தாங்கும் பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டலாகாது. குறுகிய முதுகுடைய காப்பிடம் இதை மறக்கவே கூடாது. மூன்றாவது, ஒருவர் ஏறி அமர்ந்த பின்னும் தோள்மேட்டின் மேலும் பக்கங்களிலும் இடைவெளி இருக்க வேண்டும். நடுவாய்க்கால் எங்கும் முதுகெலும்பைத் தொடலாகாது. நான்காவது, மெத்தையின் அடியில் கையை முன்னிருந்து பின்வரை செலுத்திப் பார்த்தால் அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் மட்டும் காற்றோடினால் பாரம் இரு முனைகளில் விழுகிறது என்று பொருள். முன்னும் பின்னும் ஆடினால், அந்த முதுகுக்குச் சேணத்தின் வளைவு மிகுதி. ஐந்தாவது, இருக்கை சமமாக இருக்க வேண்டும். முன்புறம் தூக்கி நின்றால் சட்டம் குறுகியதாக இருக்கலாம். முன்புறம் தாழ்ந்தால் அகலம் மிகுந்ததாக இருக்கலாம்.

அகலம் மிகுந்தாலும் தீங்கே என்பதை நினைவிற்கொள்க. அத்தகைய சேணம் தாழ இறங்கி முதுகெலும்பையே அழுத்தும். ஆதலால் 'காப்புக்கு அகன்ற சேணம்' என்ற பொதுவிதி போதாது. அந்தந்த முதுகை அளந்தே தேர வேண்டும். சேணம் பொருத்தும் வல்லுநர்கள், வளையும் அளவுகோலை முதுகின்மேல் படியவைத்து, அதன் வடிவைத் தாளில் வரைந்து கொள்வர்.

ஒருமுறை அளந்ததோடு கடமை முடிந்துவிடாது. காப் எளிதில் கொழுக்கும் இயல்புடையது. வசந்தகாலப் புல் செழித்தால் அதன் முதுகு அகலும். குளிர்காலத்தில் மெலியவும் கூடும். மெத்தையின் கம்பளியும் நாளடைவில் அமுங்கும். ஆகவே ஆண்டுக்கு இருமுறையேனும் பொருத்தத்தைச் சரிபார்ப்பது நலம். சவாரிக்குப் பின் வீக்கமோ தொட்டால் நோவோ தோன்றினால் அந்தச் சேணத்தை உடனே நிறுத்த வேண்டும். நெடுநாள் அழுத்தம் பெற்ற இடத்தில் பின்னர் வெள்ளை மயிர் முளைப்பதுண்டு. அது பழைய காயத்தின் அழியாத சாட்சி.

மாணவ நண்பர்களே, நல்ல சேணத்துக்கு விலையோ அழகோ அளவுகோல் அன்று. பட்டையை இறுக்குவதற்கு ஒரு கணம் போதும். முதுகை ஆராய்வதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையை நாம் காட்டினால், பல முரட்டுக் குதிரைகள் சாதுவாகிவிடுவதைக் காணலாம். அவை திருந்தியதால் அன்று, வலி நீங்கியதால்.