மரத்தளம்: அழகு மட்டும் போதுமா?

புதுச்சேரி காஜியார் வீதியிலும் முல்லா வீதியிலும் எஞ்சியிருக்கும் பழைய இல்லங்களுக்குள் நுழைந்து சற்றே அண்ணாந்து பாருங்கள். வரிசையாகக் கிடத்திய தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் செங்கற்களைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை பரப்பிய ‘மெட்ராஸ் டெரஸ்’ தளம். நம் பாட்டன்மார் மரத்தைத் தலைக்கு மேல் வைத்தார்கள். காலுக்குக் கீழே கல்லையும், தட்டோட்டையும், செங்காவிச் சிமெண்டையும் பரப்பினார்கள். இன்றோ, பிரான்சிலிருந்து விடுமுறையில் வரும் நம் பிள்ளைகள், அங்கே கண்ட மரத்தளத்தை இங்கும் அமைக்க ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுவதில் பிழையில்லை, அறியாமல் செய்வதே பிழை. எங்கள் குடும்பம் பட்ட பாட்டை, மற்றவர்க்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

என்ன நேர்ந்தது?

என் மாமி எழுபது வயதைக் கடந்தவர், முழங்கால் வலியுடையவர். மார்கழிக் குளிரில் தரை சில்லென்று தாக்குகிறது என்பதற்காக, பாரிஸில் பணிபுரியும் மச்சான், 2024 கோடையில் தன் தாயாரின் மாடி அறைக்குத் தேக்குத் தளம் அமைக்கப் பணம் அனுப்பினார். வியாபாரி ஒருவர் ‘முதல் தரம்’ என்று பலகைகளைத் தந்தார். கொத்தனார் பழைய சுண்ணாம்புத் தளத்தின் மீது புதிதாகச் சிமெண்டு பூசினார். பத்தே நாளில் சுவருக்குச் சுவர் இடைவெளியின்றிப் பலகைகள் இறுக்கிப் பதிக்கப்பட்டன. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

இரண்டு மாதங்களில் பலகைகளின் விளிம்புகள் மேலெழுந்தன. சில பலகைகளின் ஓரத்தில் மாவு போன்ற தூள் உதிர்ந்தது. நவம்பர் 30-இல் ஃபெங்கல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஈரத்தில் அறையின் நடுவே தளம் முதுகு வளைத்ததுபோல் மேலெழும்பிற்று. பஜ்ருத் தொழுகைக்கு எழுந்த மாமி அதில் இடறி விழுந்து மணிக்கட்டை முறித்துக் கொண்டார். தாயின் நலனுக்கென்று மகன் செய்தது, தாயைப் படுக்கையில் தள்ளிற்று.

தளத்தைப் பார்க்க வந்த முதிய ஆசாரி ஒருவர் சொன்ன சொல் இன்னும் என் செவியில் ஒலிக்கிறது: “மரத்தை வெட்டினாலும் அது மூச்சு விடுவதை நிறுத்தாது, பாய். அது விம்மவும் சுருங்கவும் இடம் கொடுக்க வேண்டும்.”

அவர் கூறியது அறிவியல் உண்மை. காற்றில் ஈரம் மிகுந்தால் மரம் அகலவாக்கில் விரியும், குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம். எங்கள் வீட்டில் காயாத சிமெண்டின் ஈரம் கீழிருந்து ஏறியதால் அடிப்பக்கம் விரிந்து விளிம்புகள் எழுந்தன. மழைக்கால ஈரமும் சேர, விரிய வழியில்லாத பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி மேலே கிளம்பின.

மரத்தை அறிந்து வாங்குக

உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், வெளியே வைரம் உடையதைப் புல் என்றும் பகுத்தது தொல்காப்பியம். தளத்துக்கு வேண்டியது அந்த உள்வைரமே. தேக்கின் வைரப் பகுதி பொன்னிறம் கலந்த பழுப்பு. அதிலுள்ள இயற்கைப் பொருள்கள் கரையானை எதிர்க்கும். சுற்றியுள்ள வெளிறிய பகுதிக்கு அந்த ஆற்றல் இல்லை. அது எளிதில் உளுத்துப் போகும். எங்கள் வீட்டில் தூள் உதிர்ந்தது அந்த வெளிறிலிருந்துதான். எனவே ‘தேக்கு’ என்ற பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஒவ்வொரு பலகையையும் புரட்டிப் பாருங்கள்.

தேக்குக்கு அடுத்து வேங்கையும் உறுதியானதே. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரங்களை அறுத்துப் பலகையாக்கலாம். பல்லாண்டுகள் உலர்ந்த மரம் அது. ஆணியும் உளுப்பும் உள்ளனவா என்று மட்டும் ஆராய வேண்டும். அழுத்திய மரத்தூளின் மேல் மரத்தின் படத்தை ஒட்டி விற்கும் ‘லேமினேட்’ வேறு. முழு மரம் வேறு. 18 முதல் 20 மி.மீ. தடிப்புள்ள முழு மரப் பலகையைத் தேய்ந்தபின் பலமுறை இழைத்துப் புதுப்பிக்கலாம். லேமினேட்டை இழைக்க முடியாது.

அகலமான பலகை கண்ணுக்கு அழகு. ஆயினும் 7 முதல் 10 செ.மீ. அகலமுள்ளவையே நமது கடலோர ஊருக்கு ஏற்றவை. ஒவ்வொன்றும் விரியும் அளவு குறைவாக இருக்கும். ஈரம் அளக்கும் சிறு கருவியைக் கொண்டுவரச் சொல்லி, 12 சதவீத அளவில் உள்ளதா என்று பாருங்கள்.

பதிக்கும் முறை

தரைமட்ட அறையில் மண்ணின் ஈரமும் கரையானும் ஏறிவரும். மரத்தளத்துக்கு மாடி அறையே நல்லது. பழைய வீடாயின், முதலில் உத்திரங்களின் சுவருக்குள் பதிந்த முனைகளைச் சோதியுங்கள். மெட்ராஸ் டெரஸ் மீது கனத்த சிமெண்டு பூசாதீர்கள். பாரமும் கூடும், ஈரமும் சிறைப்படும்.

புதுச் சிமெண்டு ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் காய வேண்டும். ஒரு பாலிதீன் தாளைத் தரையில் விரித்து நான்கு பக்கமும் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கண்டால் பொறுத்திருங்கள். பலகைகளை, இடையிடையே குச்சி வைத்து, அதே அறையில் இரு வாரங்கள் அடுக்கி வையுங்கள். பிறகு மருந்திட்ட மரச்சட்டங்களின் மேல், நாக்கும் காடியுமாகப் பொருத்தி, ஆணியை நாக்கின் வழியே சாய்த்து அடித்தால் தலை வெளியே தெரியாது. சுவரோரம் சுற்றிலும் 12 மி.மீ. இடைவெளி கட்டாயம். அதை மறைக்கும் பட்டியைச் சுவரில்தான் அறைய வேண்டும். தளத்தோடு சேர்க்கக் கூடாது.

வழுக்கும் பளபளப்பு வேண்டாம். வாளி நீரை ஊற்றிக் கழுவாமல், பிழிந்த துணியால் துடையுங்கள். உளூச் செய்யும் இடம் கல்தரையாகவே இருக்கட்டும். அதற்கும் மரத்தளத்துக்கும் இடையே கால் துடைக்க ஒரு விரிப்பு போதும்.

எங்கள் தளத்தை முழுவதும் பெயர்த்து, தரையைக் காயவிட்டு, வெளிறிய பலகைகளைக் கழித்துவிட்டு, அந்த முதியவரின் கையாலேயே மீண்டும் பதித்தோம். அடுத்து வந்த மழைக்காலத்தை அது அசையாமல் தாங்கியது. மாமி இன்று அதன் மேல் அச்சமின்றி நடக்கிறார்.

குறையை மறைத்து விற்பது நம் மார்க்கம் தடுத்த செயல். அதை விற்பவர் நினைவில் கொள்ளட்டும். அவசரமும் ஒருவகை வீண் விரயமே. அதை வாங்குகின்ற நாம் நினைவில் கொள்வோம்.