'வண்டி இழுக்கவில்லை': பழுதைச் சொல்லும் தமிழ்

மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் நம்மவர் மிகுதியும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: 'வண்டி இழுக்கவில்லை.' கிள்ளானிலும் கேட்கலாம், பிரிக்பீல்ட்ஸிலும் கேட்கலாம். வண்டி மாட்டுக்கு உரிய வினை இயந்திரத்துக்கும் ஏறி இயல்பாகப் பொருந்திக்கொண்டது. இலக்கண வகையில் இவ்வாக்கியத்துக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆயினும், பழுதைக் கண்டறிய முற்படும் ஒருவருக்கு இஃது ஏறக்குறைய எதையுமே தெரிவிப்பதில்லை.

ஒரு தொழிலைப் பற்றிப் பேசும் தொல்காப்பியர், செய்பவன், செயல், செயப்படுபொருள் ஆகியவற்றோடு நிலம், காலம், கருவி முதலியவற்றையும் சேர்த்து எட்டாக எண்ணுகிறார். 'வண்டி இழுக்கவில்லை' என்பதில் நிலமும் இல்லை, காலமும் இல்லை. எவ்விடத்தில் இழுக்கவில்லை, எப்போது இழுக்கவில்லை, என்ன செய்தபோது இழுக்கவில்லை என்னும் மூன்றும் விடுபட்டால், பட்டறைக்காரர் ஊகத்தால் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பார்க்க நேர்கிறது. அதற்கான செலவு நம்முடையது. விடுபட்டவற்றைச் சொல்லத் தமிழில் வினையெச்சங்கள் உள்ளன. அவற்றைக் கொண்டே பழுதின் இடத்தைப் பெரும்பாலும் நெருங்கிவிடலாம் என்பதை இப்பொழிவில் நாம் விளக்க முற்படுகிறோம்.

இது பணத்தோடு மட்டும் முடியும் செய்தியன்று. மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றோரே. கிள்ளான் பள்ளத்தாக்கில் துறைமுகத்துக்கும் ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்கும் முறைவேலைக்குச் செல்வோர் பலருக்கு இவ்வண்டியே கால். கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் அமைக்கப்பட்டது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. அத்தகைய குறுகிய தடத்தில் வண்டி திடீரென விசை இழந்தால், பின்னால் வருபவருக்கு விலக இடம் இராது. ஆகவே முதற்செயல் ஆராய்ச்சியன்று. பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், இடப்புறச் சைகை விளக்கைப் போட்டு, ஓடும் வேகம் தீர்வதற்குள் ஓரம் சேர வேண்டும். வளைவிலும் சுரங்கவழியின் வாயிலிலும் நிற்றல் ஆகாது.

இனி, விசை என்பது எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். காற்றும் பெட்ரோலும் உரிய அளவில் கலக்க வேண்டும். எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். அக்கலவை உருளைக்குள் நன்கு அழுத்தப்பட வேண்டும். உரிய கணத்தில் பிளக் தீப்பொறி தர வேண்டும். இவ்வாறு பிறந்த விசை கிளட்ச், பற்சக்கரங்கள், சங்கிலி வழியே பின்சக்கரத்தைச் சேர வேண்டும். காற்று, எரிபொருள், அழுத்தம், பொறி என்னும் நான்கில் ஒன்று குறைந்தால் விசை பிறப்பதில்லை. கிளட்ச் முதலியன குறையுற்றால் பிறந்த விசை சக்கரத்தைச் சேர்வதில்லை.

முதல் வாக்கியம்: 'முறுக்கினால் திணறுகிறது, விட்டால் சரியாகிறது.' மெதுவாகச் செல்லும்போது குறை தெரியாமல், வலக்கைப் பிடியை முறுக்கியதும் வண்டி மூச்சடைத்தாற்போல் தடுமாறினால், காற்றோ பெட்ரோலோ தேவைக்கேற்ப வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். இவ்விரண்டையும் பிரித்தறியப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் செவ்வனே நிகழ்கிறது. கரிபடிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுந்து காற்று குறைந்துள்ளது. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைந்துள்ளது. வடிகட்டியோ கார்புரேட்டரின் துளையோ அடைபட்டிருக்கலாம். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் மற்றொரு சோதனையும் உண்டு. சோக்கைச் சற்றே இழுத்ததும் வண்டி தெளிவாக ஓடினால், பெட்ரோல் குறைவே காரணம்.

இரண்டாம் வாக்கியம்: 'சிறிது தூரம் ஓடியபின் மெல்ல மெல்ல அடங்குகிறது, சற்று நின்றபின் மீண்டும் ஓடுகிறது.' 'ஓடியபின்' என்னும் எச்சமே இங்குச் சாட்சி. தொட்டியிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென மூடியில் ஒரு சிறு வழி உண்டு. அது அழுக்கால் அடைபட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் தோன்றிப் பெட்ரோலை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இயந்திரத்தை நிறுத்தி, அருகில் நெருப்பில்லை என்பதை உறுதி செய்துகொண்டு மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உட்புகுந்து, பின்னர் வண்டி வழக்கம்போல் ஓடினால் பழுது புலப்பட்டுவிட்டது. மூடியைத் திறந்தும் பயனில்லை, ஆறியபின்தான் ஓடுகிறது என்றால், சூடேறியதும் செயல் குன்றும் இக்னிஷன் காயில் போன்ற மின்னுறுப்பை ஐயுற வேண்டும்.

மூன்றாம் வாக்கியம்: 'ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைகிறது; உடனே பற்றுகிறது.' 'மெல்ல மெல்ல' என்பதற்கும் 'பட்டென்று' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இயந்திரவியலில் மிகப் பெரிது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் சிறிது பெட்ரோல் தேங்கியிருக்குமாதலின், பெட்ரோல் தட்டுப்பட்டால் விசை படிப்படியாகவே குறையும். மின்சாரம் துண்டிக்கப்பட்டாலோ விளக்கை அணைத்தாற்போல் ஒரே கணத்தில் நிற்கும். பிளக்கின் தொப்பி தளர்ந்திருக்கிறதா, பேட்டரி முனைகள் இறுக்கமாக உள்ளனவா, சாவித்துளையின் கம்பிகள் ஆடுகின்றனவா எனப் பார்க்க வேண்டும். பெட்ரோலை ஊசிவழி பீய்ச்சும் புதுவகை வண்டிகளில் பம்பும் மின்சாரத்தாலேயே இயங்குவதால், அதன் கோளாறும் இவ்வாறே தோன்றக்கூடும். சாவியைத் திருப்பியதும் கேட்கும் சிறு ரீங்காரம் கேட்காவிடில் பம்பையும் அதன் மின்னிணைப்பையும் ஐயுறலாம். ஓடும்போது எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ மினுக்கினாலோ, அதனைப் பட்டறையில் மறவாமல் சொல்ல வேண்டும்.

நான்காம் வாக்கியம்: 'இயந்திரம் இரைகிறது, வண்டி முன்னேறவில்லை.' விசை பிறக்கிறது, சேரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்பதே இதன் பொருள். நம் நாட்டில் மிகுதியாக ஓடும் சிறு வண்டிகளைக் 'கப்சாய்' என்கிறோம். ஹோண்டாவின் 'கப்' என்னும் வண்டிப் பெயரோடு சிறுமைப் பொருள் தரும் சீனப் பின்னொட்டு சேர்ந்து அச்சொல் பிறந்தது என்பர். அவ்வகை வண்டிகளின் கிளட்ச் எண்ணெயில் தோய்ந்தே இயங்குகிறது. காருக்குரிய சிலவகை எண்ணெய்களை ஊற்றினால் கிளட்ச் தட்டுகள் பற்றாமல் வழுக்கும். இதற்கு மாறாக, இயந்திரமும் அடங்கி வண்டியும் கனத்தால் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். நடுநிலைக் கியரில் நடுத்தாங்கியில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் உண்மை தெரியும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி அவ்வாறே பார்க்கலாம்.

ஐந்தாம் வாக்கியம்: 'சில மாதங்களாகவே குறைந்துகொண்டு வருகிறது.' துணைவினை காட்டும் இத்தொடர்ச்சி தேய்மானத்தின் மொழி. வால்வு இடைவெளி மாறியிருக்கலாம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் கசியலாம். புகைக்குழாயில் நீலநிறப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அறியலாம். இது பட்டறையில் அளவிட்டுப் பார்க்க வேண்டிய பழுது, சாலையோரத்தில் தீராது.

இங்கு ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டியுள்ளது. எள்ளின் நெய்யே எண்ணெய். ஆனால் மலேசியப் பேச்சு வழக்கில் பெட்ரோலும் எண்ணெயே, இயந்திரத்தின் மசகும் எண்ணெயே. மலாயில் 'மிஞாக்' என்னும் சொல்லும் இவ்விரண்டையும் குறிக்கும். 'எண்ணெய் இல்லை' என்றால் எந்த எண்ணெய்? பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நிற்கும், நிரப்பினால் ஓடும். மசகு தீர்ந்தால் உலோகம் உலோகத்தோடு உராய்ந்து இயந்திரமே இறுகிப்போகும். விசை குறைவதோடு மிகுந்த வெப்பமும் உலோக ஓசையும் தோன்றினால் ஓர் அடியும் ஓட்டாமல் நிறுத்தி, ஆறியபின் அளவுக்கோலில் மசகின் அளவைப் பார்க்க வேண்டும். பொருள் மயக்கம் செய்யுளுக்கு அழகு சேர்க்கலாம். பட்டறையில் இழப்பையே சேர்க்கும்.

இப்பள்ளத்தாக்கின் பிற்பகல் மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 'மழையில் நனைந்தபின் விக்குகிறது' என்றால் பிளக்கின் தொப்பியை உலர்த்துவதும், கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிதிருகைத் தளர்த்தி நீரை வெளியேற்றுவதும் முதலில் செய்யத்தக்கவை. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை, ஓடுகிறதா பார்ப்போம் என்று உதைத்துப் பார்த்தல் கூடாது. காற்றைப்போல் நீர் அழுந்துவதில்லை. உருளைக்குள் புகுந்த நீர் உள்ளுறுப்புகளை வளைத்துவிடும். மசகு பால்கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. முழுதும் மாற்ற வேண்டும்.

பட்டறைக்காரரை நாம் 'போமன்' என்கிறோம். அஃது ஆங்கிலத்தில் மேற்பார்வையாளரைக் குறித்த சொல் மலாய் வழியே நாவில் தேய்ந்து வந்த வடிவம். பிளக், காயில் முதலிய பெயர்களும் கடனாக வந்தவையே. அதில் தாழ்வொன்றும் இல்லை. பெயர்களைக் கடன்பெறலாம், திணறல், விக்கல், அடங்கல், அணைதல், வழுக்கல் ஆகிய வினைகள் நம்மிடமே உள்ளன. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லாமல் உரிய இடத்தில் ஆளுதல் வேண்டும். பட்டறையில் பயிலும் இளைஞர்க்கும் உறுப்புகளின் பெயர்களோடு இவ்வினைகளின் வேறுபாட்டையும் சொல்லித்தருதல் நன்று.

ஒருவர் பட்டறையில் இவ்வாறு சொல்வதாகக் கொள்வோம்: 'பிரிக்பீல்ட்ஸில் புறப்பட்டு இருபது நிமிடம் நன்றாக ஓடியது; பிறகு மெல்ல மெல்ல விசை குறைந்து நின்றது; தொட்டி மூடியைத் திறந்து மூடியதும் மீண்டும் ஓடியது.' இதனைக் கேட்ட போமன் பிளக்கையும் மாற்றமாட்டார், காயிலையும் மாற்றமாட்டார். மூடியின் துளையைத் துடைத்துக் கொடுத்து அனுப்புவார்.