மேகத்திற்கு மூடி போட்ட தீவு

டெனரீஃப் தீவின் தென்கரையில் விமானத்தை விட்டு இறங்குபவர் கண்ணில் முதலில் படுவது வறண்ட நிலமும் கள்ளிப் புதர்களுமே. (நம் சதுரக்கள்ளியின் பேரினத்தைச் சேர்ந்ததே அங்குள்ள பெருங்கள்ளியும்.) அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் வடக்கே சென்றால் வாழைத் தோட்டங்கள். வடகிழக்கு மூலையில், அனாகா மலையில், பகலிலும் இருண்டு பாசி படர்ந்த ஈரக்காடு. தீவின் நடுவே 3,715 மீட்டர் உயரமுள்ள டெய்டே எரிமலை; அதன் அடியில் மரமே இல்லாத கல்வெளி.

ஆப்பிரிக்காவின் வடமேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள இந்த ஸ்பானியத் தீவின் பரப்பு 2,034 சதுர கிலோமீட்டர்தான். தீவு முழுவதும் எரிமலை கக்கியதே. கடைசியாக 1909இல் கக்கிற்று. சுற்றிலும் இருப்பது ஒரே கடல். பின் இத்தனை வேறுபாடு எப்படி வந்தது?

விடை காற்றில் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்கிலிருந்து வியாபாரக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி மேலேறுகிறது. மேலேறும் காற்று ஏன் குளிர்கிறது? "உயரத்தில் குளிர் அதிகம், அதனால்தான்" என்று மாணவர்கள் சட்டெனச் சொல்வார்கள். அது காரணமன்று. மேலே அழுத்தம் குறைவு. ஆகவே காற்று விரிகிறது. விரிவதற்கான வேலையைத் தன் உள்ளாற்றலைச் செலவிட்டே செய்கிறது. சைக்கிள் பம்பை அழுத்தும்போது அது சூடாகிறதல்லவா, அதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி இது. நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்து, ஓர் உயரத்தில் நீராவி துளிகளாகி மேகம் உண்டாகிறது.

மேகம் அப்படியே மலையைத் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் தடை ஒன்று உண்டு. மேல் வளிமண்டலத்திலிருந்து அப்பகுதியில் காற்று மெல்லக் கீழிறங்குகிறது. இறங்குகையில் நெருக்கப்பட்டுச் சூடாகிறது. எனவே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் (கோடையில் இன்னும் தாழ்வாக) மேலே செல்லச் செல்ல வெப்பநிலை குறைவதற்குப் பதில் கூடுகிறது. இதுவே வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம். கீழிருந்து வரும் குளிர்ந்த காற்று எடை மிகுந்தது. இலேசான சூடான காற்றைத் துளைத்து மேலேற அதனால் முடியாது. பானைக்கு மூடி போட்டாற்போல மேகம் அங்கேயே தட்டையாகப் பரவுகிறது.

மூடிக்குக் கீழே, மேகம் தொடும் வடசரிவில் காடு. மேகம் கடந்து வர முடியாத தெற்கில் கள்ளி. மூடிக்கு மேலே வறண்ட, தெளிந்த வானம். மலையுச்சிகளில் காற்று அமைதியாக இருக்கும், தொலைநோக்கிக்கு அது நல்லது என்று நியூட்டன் கருதினார். அதைச் சோதிக்கவே 1856இல் ஸ்காட்லாந்தின் வானியலறிஞர் பியாட்சி ஸ்மித் தொலைநோக்கிகளை இத்தீவின் மலைமேல் ஏற்றிச் சென்றார். இன்று அங்கே சூரியனை ஆராயும் பெரிய தொலைநோக்கிகள் நிற்கின்றன.

என்னை அதிகம் கவர்ந்தது வானமன்று, கானரி பைன் மரம். சாண் நீளத்திற்கும் மேற்பட்ட அதன் ஊசியிலைகளில் மேகத் துளிகள் மோதி, ஒன்றுகூடிச் சொட்டுகின்றன. மழை பெய்யாத நாளிலும் மரத்தடி நனைகிறது. அந்த நீரும் மழைநீரும் எரிமலைப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி மலைக்குள் தேங்குகின்றன. தீவு மக்கள் மலையைக் கிடைமட்டமாகக் குடைந்து, ஆயிரத்திற்கும் மேற்பட்ட சுரங்க வழிகளில் அதை வெளியே எடுக்கிறார்கள். அவற்றின் மொத்த நீளம் 1,500 கிலோமீட்டருக்கும் அதிகம்!

எடுப்பது சேர்வதைவிடக் கூடியதால் மலைக்குள் நீர்மட்டம் இறங்கிவிட்டது. ஆண்டுக்கு ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட பயணிகள் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்குவது மழையற்ற தெற்கில். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருந்தும் 2024இல் தீவின் ஆட்சிமன்றம் நீர் நெருக்கடி நிலையை அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் பத்தாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு தீப்பற்றியது. தடித்த பட்டை இருப்பதால் கானரி பைன் கருகிய அடிமரத்திலிருந்தே மீண்டும் துளிர்க்கும். ஊசியிலைகள் பழையபடி அடரும் வரை அச்சரிவுகளில் மேகம் பெரும்பாலும் சொட்டாமலே கடந்து போகும்.