பன்னீர் திராட்சையும் ஒரு பிரதம மந்திரியும்

மதுவைப் பற்றி எழுதுகிறோமே என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். குடிக்கச் சொல்வது நம் நோக்கமன்று. நாம் சொல்லப் போகும் நிபுணர்கள் வாயில் இட்டதை விழுங்காமலே துப்பிவிடுகிறவர்கள்.

மதுரைக்கும் இத்தாலிக்கும் திராட்சை வழியாக ஏற்பட்ட உறவு பழையது. யவனர் கொண்டுவந்த மதுவை அருந்தி இன்புறுமாறு பாண்டியன் நன்மாறனை நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்துகிறார். அரிக்கமேட்டில் அகப்பட்ட மது ஜாடிகளுள் சில, இத்தாலியின் நேப்பிள்ஸ் பிரதேசத்தில் வனையப்பட்டவை. இன்னோர் உறவு இன்றும் மாட்டுத்தாவணிப் பழச் சந்தையில் வந்து இறங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு மேல்நாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். அதன் பெற்றோரில் ஒன்று, வட இத்தாலியில் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் வளரும் ஸ்கியாவா என்னும் ஜாதி.

அந்த இத்தாலியில், பிளாரென்ஸுக்கும் ஸியெனாவுக்கும் இடையே கியாந்தி என்னும் குன்று நாடு இருக்கிறது. அதன் சிவப்பு மதுவுக்கு இலக்கணம் வகுத்தவர் பெத்தீனோ ரிக்காஸோலி. சிதறிக் கிடந்த இத்தாலியை ஒன்றாக்கப் பாடுபட்ட தேசபக்தர். 1861-லும் மறுபடி 1866-லும் பிரதம மந்திரியானவர். இத்தகைய மனிதர் தம் ப்ரோலியோ பண்ணையில் எந்தத் திராட்சையோடு எதைச் சேர்ப்பது என்று பல்லாண்டு பரிசோதனை செய்தார்! 1872-ல் பீஸா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஒருவருக்கு முடிவை எழுதினார். ஸாஞ்ஜொவேஸே மணமும் வீரியமும் தரும்; கனையோலோ அதன் கடுமையைத் தணிக்கும்; மால்வாஸியா என்ற வெள்ளைத் திராட்சை மதுவை இலேசாக்கும். ஆனால் நாள்பட வைக்கும் மதுவுக்கு மால்வாஸியா உதவாது என்றும் எச்சரித்தார்.

கலக்கும் முறை நம் காப்பிப் பொடிக் கடைக்காரருக்கு எளிதில் விளங்கும். ஒவ்வொரு ஜாதியையும் தனித்தனியே புளிக்க வைக்கிறார்கள். பிறகு சிறு கண்ணாடிக் குவளைகளில், நூற்றுக்கு இத்தனை பங்கு என்று அளந்து சேர்க்கிறார்கள். வெள்ளைத் துணிக்கு எதிரே பிடித்து நிறம் பார்ப்பார்கள், முகர்வார்கள், ஒரு வாய் எடுத்து நாக்கெங்கும் புரட்டித் துப்புவார்கள். அறுசுவையில் நாம் அலட்சியம் செய்யும் துவர்ப்புக்கு அங்கே பெரிய மதிப்பு. நாவற்பழம் தின்றாற்போல் ஈறைப் பிடிக்கும் அச்சுவை, திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருவது. அது இல்லாவிட்டால் மது நாட்படாது. மிஞ்சினாலோ வாயில் வைக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், 1967-ல் சர்க்கார் செய்த சட்டம், கியாந்தி என்று பெயர் வேண்டுமானால் வெள்ளைத் திராட்சையைக் கலந்தே தீரவேண்டும் என்றது. ரிக்காஸோலியின் எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை போலும்! அந்தினோரி குடும்பத்தார் அந்தப் பெயரையே துறந்து, 1971-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து தின்யனெல்லோ என்ற மதுவைச் செய்து, சாதாரண மேஜை மது என்று முத்திரையிட்டு விற்றார்கள். கியாந்தி மதுக்களைவிட அதற்கே கியாதி உயர்ந்தது. கடைசியில் சட்டம்தான் வழிவிட்டது. 2006 அறுவடை முதல் கியாந்தி கிளாஸிக்கோவில் வெள்ளைத் திராட்சை கூடாது என்றே விதித்துவிட்டார்கள்.

கம்பத்துத் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் காப்பாற்றப்பட்டது, நல்லதுதான். கியாந்திக் கொடி வருஷத்துக்கு ஒரு தடவை பலன் தரும். கம்பத்துக் கொடியோ இரண்டு மூன்று தடவை காய்க்கிறது. ஆயினும் அறுத்த பழத்தைச் சில நாளில் விற்றாக வேண்டும்; சந்தை சரிந்தால் விவசாயி சரிகிறான். எந்தப் பழத்தில் என்ன குறை, எந்தப் பழம் அதைத் தீர்க்கும் என்று ரிக்காஸோலி கேட்டதை, போதையில்லாத பழரசத்துக்காக நம் விவசாயக் கல்லூரியார் கேட்கலாகாதா? பன்னீர் திராட்சையில் மணத்துக்குக் குறைவில்லை. அதனுடன் சேர, புளிப்பும் துவர்ப்பும் உள்ள ஒரு துணையைத்தான் தேட வேண்டும்.